ஜாவா இன்டர்வியூ: இரண்டாவது கேள்விக்குத் தயாராகுங்கள்

பெங்களூரில் ஜாவா வேலைக்கு முயல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தயாராகிறார்கள். மாரத்தஹள்ளியிலோ பி.டி.எம். லேஅவுட்டிலோ ஒரு கோச்சிங் சென்டரில் சேர்கிறார்கள். அடிக்கடி கேட்கப்படும் நூறு கேள்விகள், இருநூறு கேள்விகள் என்று வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும் சுற்றுகிற பிடிஎஃப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாஷ்மேப் எப்படி வேலை செய்கிறது, ஸ்ட்ரிங்கை ஏன் மாற்ற முடியாது என்ற பதில்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கோவை என்று நம் ஊர்களிலிருந்து வருகிற பிள்ளைகளும் இப்படித்தான் தயாராகிறார்கள். இந்த உழைப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அது செலவாகிற இடம் சரியில்லை என்பதுதான் என் வாதம். முதல் கேள்வியின் பதில் வந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும் என்பது கேட்கிறவருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வரும் "ஏன் அப்படி?", "இப்படி நடந்தால் என்ன ஆகும்?" என்ற இரண்டாவது கேள்வியில்தான் ஆட்கள் பிரிகிறார்கள். ஆகவே தயாரிப்பே அந்த இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெங்களூருக்கும் ஜாவாவுக்கும் உள்ள உறவைப் பார்த்தால் காரணம் விளங்கும். இன்ஃபோசிஸ் 1983-இல் புனேயிலிருந்து இந்த நகரத்துக்கு வந்தது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் இங்கே தன் மையத்தைத் தொடங்கியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1995-இல் ஜாவாவை அறிமுகப்படுத்தியபோது, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிற தொழில் இங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. அதன் பிறகு உலகெங்கும் வங்கி, காப்பீடு, டெலிகாம், சில்லறை வணிகம் ஆகிய துறைகளில் எழுதப்பட்ட பின்தள மென்பொருளில் பெரும் பங்கு ஜாவாவுக்குப் போனது. இன்று ஜேபி மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ், வால்மார்ட் போன்ற நிறுவனங்கள் பெங்களூரில் சொந்த மையங்களே வைத்திருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் புதிதாகச் சேர்கிறவர் வெற்றுக் கோப்பைத் திறந்து முதல் வரி எழுதுவது அபூர்வம். பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிவிட்டுப் போன கோடைப் படித்து, அது ஏன் நள்ளிரவில் தடுமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றாட வேலை. இன்டர்வியூ எடுக்கிறவரும் பெரும்பாலும் அதே டீமில் உட்கார்ந்திருக்கிற பொறியாளர்தான். காரணத்தைத் தேடிப் போகிற பழக்கம் இந்த ஆளுக்கு இருக்கிறதா என்பதே அவருடைய கவலை.

ஹாஷ்மேப்பையே எடுத்துக்கொள்வோம். மனப்பாடப் பதில் இப்படிப் போகும்: சாவியின் ஹாஷ்கோடைக் கொண்டு ஒரு பக்கெட் தேர்வாகும், ஒரே பக்கெட்டில் பல சாவிகள் விழுந்தால் அவை தொடராகக் கோக்கப்படும், ஜாவா 8 முதல் அந்தத் தொடர் எட்டைத் தாண்டினால் மரமாக மாறும். பதில் சரிதான். சரி, ஏன் மரம்? 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் மாநாட்டில் அலெக்சாண்டர் க்ளிங்க், யூலியான் வேல்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரே ஹாஷ் மதிப்பு வருகிற சாவிகளைக் கும்பலாக அனுப்பியே ஒரு வெப் சர்வரை முடக்கிவிடலாம் என்று காட்டினார்கள். எல்லாச் சாவியும் ஒரே தொடரில் சேர்ந்துவிட்டால், ஒவ்வொரு புதிய சாவிக்கும் தொடர் முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். சர்வரின் நேரம் அதிலேயே கரைந்துபோகும். இதில் சிக்கிய மொழிகளில் ஜாவாவும் ஒன்று. ஜாவா 7-இல் இடைக்காலத் தீர்வு ஒன்று வந்தது. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8, நெரிசலான பக்கெட்டைச் சிவப்பு-கருப்பு மரமாக மாற்றி, தேடும் வேலையை மடக்கை அளவுக்குக் குறைத்தது.

அடுத்து, ஏன் எட்டு? இதற்கு விடை ஹாஷ்மேப்பின் மூல நிரலுக்குள்ளேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. ஹாஷ் மதிப்புகள் நன்றாகப் பரவியிருந்தால், ஒரு பக்கெட்டில் எட்டுச் சாவிகள் சேர்கிற வாய்ப்பு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. மரத்தின் ஒவ்வொரு கணுவும் சாதாரணக் கணுவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், தேவையில்லாமல் மரம் கட்டுவது நஷ்டம். மேப்பின் மொத்த பக்கெட்டுகள் 64-க்குக் குறைவாக இருந்தால் மரம் கட்டாமல் அட்டவணையைத்தான் பெரிதாக்கும். இவ்வளவையும் தெரிந்துகொள்ள ஒரு மாலை நேரம் போதும். ஆனால் தெரிந்துகொண்டவரின் பதிலில் ஒரு தாக்குதல், அதற்கான தற்காப்பு, அந்தத் தற்காப்புக்கான விலை, விலையைக் கட்டுப்படுத்த ஓர் எல்லை என்று நான்கும் ஒரே கோவையாக வரும். இதில் ஒன்று மறந்தாலும் மற்றதிலிருந்து யோசித்து வந்துவிடலாம். மனப்பாடம் செய்தவருக்கு எட்டு என்ற எண் மறந்தால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இருக்காது.

கேள்வித் தொகுப்புகளில் இன்னொரு குறையும் உண்டு: அவற்றில் தேதி கிடையாது. ஜாவாவில் பதிலுக்கு வயது உண்டு. கன்கரன்ட் ஹாஷ்மேப் 16 செக்மென்ட்டுகளாகப் பிரித்துப் பூட்டுப் போடுகிறது என்ற பதில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜாவா 7 வரை அது உண்மை; ஜாவா 8-இல் அந்த அமைப்பே எடுக்கப்பட்டு, பக்கெட் அளவில் பூட்டுகிற முறை வந்துவிட்டது. பெர்ம்ஜென் என்ற நினைவகப் பகுதியும் ஜாவா 8-இலேயே போய், மெட்டாஸ்பேஸ் வந்தது. இன்டர்ஃபேஸில் மெத்தடுக்கு உடல் இருக்கக் கூடாது என்ற விதியும் அப்போதே தளர்ந்தது. அண்மைய உதாரணம் இன்னும் தெளிவானது. 2023 செப்டம்பரில் ஜாவா 21-உடன் விர்ச்சுவல் த்ரெட் முழுமையாக வந்தபோது, சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் ஒரு விர்ச்சுவல் த்ரெட் காத்திருந்தால் அதைச் சுமக்கிற நிஜ த்ரெட்டும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24 அந்தத் தடையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. ஒன்றரை ஆண்டுக்குள் சரியான பதில் ஒன்று பழையதாகிவிட்டது. அதனால் எந்தப் பதிலையும் பதிப்பு எண்ணோடு சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். "ஜாவா 7 வரை இப்படி, 8-இலிருந்து இப்படி, மாறியதற்குக் காரணம் இது" என்று பேசுகிறவரிடம், கேட்பவர் உடனே வித்தியாசத்தை உணர்வார்.

திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் போதாது என்பதற்கு உளவியல் ஆய்விலும் சான்று இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிகி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மீண்டும் மீண்டும் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பழகியவர்கள் சுமார் 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள், மீண்டும் படித்தவர்கள் 40 சதவீதத்தை. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்ப்ளிட், ஃப்ராங்க் கீல் செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஜிப், பூட்டு போன்ற பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றவர்களைப் படிப்படியாக விளக்கச் சொன்னதும், தங்கள் அறிவுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். பிடிஎஃப் படிக்கும்போது வருகிற "இது தெரியுமே" என்ற உணர்வு இந்த வகைதான். பழக்கப்பட்ட வரிகளைப் பார்த்ததும் வருகிற நிம்மதி அது. வாயைத் திறந்து விளக்கும்போதுதான் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரியும். அந்த ஓட்டை இன்டர்வியூ அறையில் தெரிவதைவிட வீட்டில் தெரிவது நல்லது.

அப்படியானால் எப்படிப் படிப்பது? ஒவ்வொரு பதிலுக்கும் நீங்களே ஓட்டிப் பார்த்த ஒரு சிறிய புரோகிராம் சாட்சியாக இருக்கட்டும். இரண்டு இன்டிஜர் பொருள்களில் 127 என்ற எண்ணை வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுங்கள், பிறகு 128-ஐ வைத்து ஒப்பிடுங்கள். முதலாவது சரி என்று வரும், இரண்டாவது தவறு என்று வரும். மைனஸ் 128 முதல் 127 வரையான மதிப்புகளை ஜாவா முன்கூட்டியே உருவாக்கி மறுபடி பயன்படுத்துகிறது என்பது அதற்குப் பிறகு மறக்காது. ஹாஷ்மேப்பில் ஒரு சாவியைப் போட்டுவிட்டு, ஹாஷ்கோடு கணக்கில் வருகிற அதன் ஒரு மதிப்பை மாற்றிவிட்டுத் தேடிப் பாருங்கள். உள்ளே இருக்கிற பொருள் கிடைக்காமல் போகும். ஸ்ட்ரிங்கை மாற்ற முடியாதபடி வைத்ததன் பயன்களில் ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரியும். ஒரே எண்ணோடு இரண்டு த்ரெட்டுகள் தலா பத்து லட்சம் முறை ஒன்றைக் கூட்டட்டும். விடை பெரும்பாலும் இருபது லட்சத்துக்குக் குறைவாகவே வரும். வோலடைல் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் குறையும். அடாமிக் இன்டிஜராக மாற்றுங்கள், சரியாகிவிடும். ஒரு மாற்றம் மற்ற த்ரெட்டுகளின் கண்ணுக்குத் தெரிவது வேறு, அது பிளவுபடாமல் நடப்பது வேறு என்பதைப் பத்துப் பக்கம் படித்தாலும் இப்படி மனத்தில் தைக்காது. சன் நிறுவனம் ஜாவாவின் மூல நிரலை 2006, 2007-இலேயே திறந்துவிட்டது. எடிட்டரில் ஹாஷ்மேப் என்ற பெயரின் மேல் கன்ட்ரோல் அழுத்திக் க்ளிக் செய்தால் அது அப்படியே திறக்கும். எந்தப் பிடிஎஃப்பைவிடவும் நம்பத் தகுந்த நூல் அது, இலவசமும்கூட.

இரண்டு, மூன்று வருட அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டாவது கேள்வி ரெஸ்யூமேயிலிருந்தே வரும். ஸ்ப்ரிங் பூட் என்று எழுதியிருந்தால், டிரான்சாக்ஷனல் குறிப்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, அதே வகுப்பின் ஒரு மெத்தடிலிருந்து இன்னொரு மெத்தடை நேராக அழைத்தால் அந்தக் குறிப்பு ஏன் பலிப்பதில்லை என்பது. வழக்கமான அமைப்பில் ஸ்ப்ரிங் உங்கள் பொருளுக்கு முன்னால் ஒரு ப்ராக்ஸியை நிறுத்துகிறது. உள்ளிருந்தே அழைக்கும்போது அந்தப் ப்ராக்ஸி வழியே அழைப்பு போவதில்லை. செக்டு எக்ஸெப்ஷன் வந்தால் இயல்பாக ரோல்பேக் ஆகாது என்பதும் இங்கேதான் கேட்கப்படும். பணம் கையாளுகிற மென்பொருளில் இந்த இரண்டும் பெரும் இழப்பில் கொண்டுபோய் விடக்கூடியவை. ஸ்ப்ரிங் பூட் 3 வந்தபோது ஜாவா 17-ஐக் குறைந்தபட்சத் தேவையாக்கியது, பல நிறுவனங்கள் ஜாவா 8-ஐ விட்டு நகர ஒரு காரணமானது. உங்கள் ப்ராஜெக்டில் அப்படி ஒரு மாற்றம் நடந்திருந்தால், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் "ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியப் பதில் இல்லையென்றால், அந்த வரியை எடுத்துவிடுவது உத்தமம்.

என் வாதத்துக்கு வருகிற முதல் மறுப்பு, பெரிய சர்வீஸ் கம்பெனிகள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது மேலோட்டமான கேள்விகள்தானே கேட்கிறார்கள் என்பது. பல இடங்களில் அது உண்மைதான். ஆனால் மேலோட்டமான கேள்விக்கு ஆழமாகப் படித்தவரும் பதில் சொல்வார். மேலோட்டமாகப் படித்தவர் ஆழமான கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. வேலைக்குள் நுழைந்த பிறகும், ப்ராஜெக்ட் ஒதுக்குவதற்கு முன் அந்த ப்ராஜெக்டின் மேனேஜரோ வாடிக்கையாளரோ மறுபடி ஒரு இன்டர்வியூ வைப்பது இத்தொழிலில் வழக்கம். ப்ராஜெக்ட் இல்லாமல் பென்ச்சில் நீண்ட நாள் காத்திருக்க நேர்வது அங்கே தடுமாறுகிறவர்களுக்குத்தான்.

இரண்டாவது மறுப்பு, ப்ராடக்ட் கம்பெனிகளில் ஜாவாவையே கேட்பதில்லை, அல்காரிதம்தான் கேட்கிறார்கள், அதனால் லீட்கோட் தளத்தில் கணக்குகள் போட்டால் போதும் என்பது. அல்காரிதம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் எண்ணிக்கை காப்பாற்றாது. பைனரி தேடலைப் பாருங்கள். தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் காண்பது எல்லோரும் எழுதுகிற வரி. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே அந்த வரியில் பிழை இருந்தது என்றும், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை என்றும் 2006-இல் ஜோஷுவா ப்ளாக் எழுதினார். அந்த நிரலை எழுதியவரே அவர்தான். கூட்டுத்தொகை ஏறத்தாழ 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டும்போது இன்ட் வகையில் அது எதிர்ம எண்ணாகிவிடுகிறது. நடுவைக் காண்கிற அந்த வரியை ஏன் மாற்றி எழுத வேண்டும் என்று கேட்டால், முந்நூறு கணக்குப் போட்டவரும் திகைக்கலாம், முப்பது கணக்கை அலசிப் பார்த்தவர் சொல்லிவிடலாம். ஃப்ளிப்கார்ட் போன்ற பெங்களூரு நிறுவனங்களில் வழக்கமான மெஷின் கோடிங் சுற்றில், ஒன்றரை மணி நேரம் போல ஒதுக்கி ஒரு சிறிய அமைப்பையே எழுதச் சொல்கிறார்கள். அங்கே எழுதி முடித்ததும் தேவையை மாற்றி அடுத்த கேள்வி வரும். வகுப்புகளை ஏன் இப்படிப் பிரித்தீர்கள் என்ற யோசனை உள்ளவரே அதில் நிற்பார்.

மூன்றாவது மறுப்பு புதியது: கோடை ஏஐ எழுதித் தரும்போது ஹாஷ்மேப்பின் உள்ளே என்ன இருந்தால் என்ன? ஏஐ எழுதித் தருகிறது என்பதே நான் சொல்வதற்கு வலு சேர்க்கிறது. எழுதும் வேலை குறையக் குறைய, எழுதப்பட்டதை நம்பலாமா என்று தீர்மானிக்கும் வேலை கூடுகிறது. ஏஐ கொடுத்த கோடில் மாறக்கூடிய சாவி ஒன்று ஹாஷ்மேப்புக்குள் போயிருந்தால், அது கம்பைல் ஆகும், டெஸ்ட்டும் தாண்டலாம், உண்மையான பயன்பாட்டில் அந்தச் சாவி மாறும்போதுதான் உடையும். அதைப் பார்த்ததும் சந்தேகப்படுகிறவருக்குத்தான் சம்பளம். முதல் கேள்விக்கான பதில் ஏஐயிடம் நொடியில் கிடைப்பதால், நிறுவனங்களும் உஷாராகிவிட்டன. குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக கூகுளின் சுந்தர் பிச்சை 2025-இல் சொன்னார். எதிரே அமர்ந்திருப்பவர் அடுத்தடுத்துத் தொடுக்கிற கேள்விகளுக்கு மனப்பாடம் ஈடுகொடுக்காது.

நம் பிள்ளைகள் வெளியே சொல்லத் தயங்குகிற மறுப்பு ஒன்றும் இருக்கிறது. "எனக்குத் தெரியும், ஆனால் இங்கிலீஷில் விளக்க வரவில்லை" என்பது அது. தமிழ் வழியில் படித்தவர்கள் மனப்பாடத்தை நாடுவதற்கு இதுவே பெரிய காரணம். தயாரான வாக்கியம் கையில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஆனால் தயாரான வாக்கியம் முதல் கேள்வியோடு தீர்ந்துபோகிறது, இரண்டாவதற்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தமிழிலேயே ஒரு நண்பருக்கு முழுவதும் விளக்குங்கள். விளக்கம் தெளிவான பிறகு, அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். இந்தத் தொழிலின் சொற்களில் பாதி எந்த மொழியில் பேசினாலும் மாறாதவை. பெங்களூரில் இன்டர்வியூ எடுக்கிறவரும் கன்னடமோ தெலுங்கோ இந்தியோ தமிழோ தாய்மொழியாகக் கொண்டவராகத்தான் பெரும்பாலும் இருப்பார். இலக்கணப் பிழையை அவர் மன்னிப்பார், காரணம் தெரியாததை மன்னிப்பது கடினம். ஒரு படம் வரைந்து காட்டலாமா என்று கேட்டு பக்கெட்டுகளை வரைந்து விளக்கினாலும் தப்பில்லை.

இன்டர்வியூ என்ற முறையே நியாயமானதா என்று கேட்பவர்களிடமும் எனக்கு எதிர்ப்பு இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது போர்டில் எழுதியவர்களின் திறன், தனி அறையில் எழுதியவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போனது. பதற்றத்தை அளந்துவிட்டு அறிவை அளந்ததாக நினைக்கிற ஆபத்து உண்மையில் இருக்கிறது. இதைப் படிப்பவர்களில் இன்டர்வியூ எடுக்கிற இடத்தில் இருப்பவர்கள், எதிரே இருப்பவர் யோசிக்க இரண்டு நிமிடம் மௌனமாகக் காத்திருங்கள். முறை மாறும்வரை வேலை தேடுகிறவர்கள் செய்யக்கூடியது, ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே எழுதிப் பழகுவது. பிறர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதுவதும் பழக்கத்தால் வருவதுதான்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்பீர்கள். 90 நாள் நோட்டீஸ், வெளிவட்டச் சாலை நெரிசல், பி.ஜி. வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் எனக்கும் தெரிந்த நெருக்கடிகள்தாம். ஆனால் நான் சொல்கிற வழிக்குக் கூடுதல் நேரம் தேவையில்லை. இருநூறு கேள்விகளை விட்டுவிட்டு இருபத்தைந்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஈக்வல்ஸும் ஹாஷ்கோடும், கலெக்ஷன்கள், ஸ்ட்ரிங், எக்ஸெப்ஷன், ஜெனரிக்ஸ், ஸ்ட்ரீம், த்ரெட்டும் நினைவக விதிகளும், கார்பேஜ் கலெக்ஷன், ஸ்ப்ரிங்கின் ப்ராக்ஸி: இவற்றுக்குள் வேர்விட்ட கேள்விகள் அவ்வளவுதான் தேறும். நெருக்கடியைக் காட்டி, இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் தருகிறோம் என்று வருகிற கன்சல்டன்சிகளிடம் மட்டும் போய்விடாதீர்கள். பி.எஃப். கணக்கின் பணி வரலாற்றைப் பார்த்தாலே அது வெளிப்பட்டுவிடும். அதற்கும் முன்னால், இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இன்று இரவு உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். பதிலுக்குக் கீழே "ஏன்?" என்று எழுதுங்கள். விடை தெரியாவிட்டால் மூல நிரலைத் திறந்து பாருங்கள், ஒரு சிறிய புரோகிராம் எழுதி ஓட்டுங்கள், கண்டதை மூடிய கண்ணோடு உரக்கச் சொல்லிப் பாருங்கள். அது முடிந்த பிறகு அடுத்த கேள்விக்குப் போங்கள். இப்படி இருபத்தைந்து முடித்தவர் எந்த அறைக்குள்ளும் தைரியமாகப் போகலாம். வேலை கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் அவருக்குச் சோறு போடும்.